லாஹௌலில் ஓர் ஐப்பசி

ஆடி, ஆவணி மாதங்களில் தில்லி, சண்டிகர் முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் பச்சைப் பட்டாணி வாங்கிக் குருமா வைக்கிறோம். சமவெளியில் பட்டாணி குளிர்காலத்துப் பயிர். மழைக்காலத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேட்போர் அரியர். அதில் ஒரு பகுதி இமயத்தின் பெருஞ்சுவருக்கு அப்பால் உள்ள லாஹௌல் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. நமக்குப் பட்டாணியும் காலிபிளவரும் அனுப்பிவைக்கும் அந்நாட்டு மக்கள் தங்களுடைய குளிர்காலத்துக்கு என்ன சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதை, 2024ஆம் ஆண்டு ஐப்பசியில் எட்டு நாள் அங்கே தங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அம்பாலாவில் எங்கள் அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிர் மேஜையில் அமர்ந்து பணிபுரியும் நண்பர் லாஹௌல்காரர். ‘வீட்டில் பனிக்கால வேலை இருக்கிறது, வருகிறீரா?’ என்று அவர் கேட்டார். நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாட்டின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். லாஹௌல், இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகரான கேலாங் ஏறத்தாழ 3,080 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலமோ 2,240 மீட்டரே. சந்திரா, பாகா என்னும் இரண்டு ஆறுகள் தாண்டி என்ற இடத்தில் கூடிச் சந்திரபாகா ஆகின்றன. அதுவே காஷ்மீரத்துக்குள் புகுந்து சீனாப் எனப் பெயர் பெறுகிறது. மழைமேகங்களைத் தெற்கே நிற்கும் மலைத்தொடர் தடுத்து நிறுத்திவிடுவதால் இங்கே பருவமழை மிகக் குறைவு. மலைமேல் உருகும் பனிநீரைக் ‘கூல்’ எனப்படும் சிறு வாய்க்கால்கள் வழியே வயலுக்குக் கொண்டுவந்து, ஆண்டுக்கு ஒரு போகம் விளைவிக்கிறார்கள். வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, பட்டாணி, இப்பொழுது ஆப்பிள். பயிர்க்காலம் ஐந்து மாதம். எஞ்சியது குளிரும் பனியும்.

இந்நாட்டையும் குல்லுப் பள்ளத்தாக்கையும் பிரிப்பது 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாய். அப்பெயருக்குப் ‘பிணக் குவியல்’ என்று பொருள் கூறுவர். கார்த்திகையில் அது மூடிவிட்டால் சித்திரை, வைகாசியில்தான் திறக்கும். இடைப்பட்ட மாதங்களில் மறுபுறம் செல்ல விரும்புவோர் பனியில் நடந்தே கணவாயைக் கடக்கவேண்டும். அவர்களைக் காப்பதற்காக அரசாங்கத்தார் கணவாய்க்கு இப்பால் மடீயிலும் அப்பால் கோக்ஸரிலும் மீட்பு நிலையங்கள் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் நோயாளிகளுக்கும் அவசரக்காரருக்கும் ஹெலிகாப்டர் வந்தது. அதற்கும் வானம் தெளியவேண்டும், முறையும் வரவேண்டும். 1979 மார்ச்சில் பெய்த பெரும்பனியில் சரிவுகள் இறங்கி இம்மாவட்டத்தில் 200 பேருக்கு மேல் மாண்டனர். அவ்வாண்டைப் பற்றிப் பேசும்போது கிழவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

2020 அக்டோபர் 3ஆம் தேதி அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம் ரோதாங் மலையை அடியில் துளைத்துச் செல்கிறது. மணாலிக்கும் கேலாங்குக்கும் இடையே முன்பு ஏறத்தாழ 115 கிலோமீட்டர்; இப்பொழுது 70க்குச் சற்று மேல். பெரும்பனி பெய்தால் சாலை சில நாள் மூடிக்கொள்வது உண்டு. ஆனால் ஆறு மாதம் உலகத்தோடு உறவற்று இருந்த நிலை போயிற்று.

சண்டிகர் வரையில் நம் ரயில். அதற்குமேல் பஸ்ஸில் இரவு முழுவதும் மலையேற்றம். (பிலாஸ்பூரிலிருந்து மணாலி வழியாக லே வரை ரயில்பாதை அமைக்க அளவாய்வு நடந்திருக்கிறது. அப்பாதையில் நண்பரும் நானும் பாஸில் செல்வோமா, எங்கள் பேரர்கள் செல்வார்களா என்று வழியெல்லாம் வாதாடிக்கொண்டு போனோம்.) சுரங்கத்தின் தென்வாயிலில் தேவதாரு மரங்களும் ஈரமும் இருந்தன. கால் மணி நேரத்துக்குள் வடவாயிலில் வெளிப்பட்டால் மரமற்ற பழுப்பு மலைகள், கண்ணைக் கூசச் செய்யும் வெயில், மூக்கை உலர்த்தும் காற்று. ஆற்றங்கரைகளில் மட்டும் வில்லோ மரங்கள் வரிசையாக நின்று மஞ்சள் இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன.

நண்பருடைய கிராமம் தாண்டிக்குக் கீழே, வெயில் நன்கு விழும் சரிவில் இருக்கிறது. மொத்தம் 22 வீடுகள். வீடு கல்லும் மண்ணுமாய்க் கட்டிய இரண்டடுக்கு. கீழ்த்தளம் முழுவதும் மாட்டுக் கொட்டிலும் வைக்கோல் அறையும். அதற்கு மேலே குளிர்கால அறை. மாட்டின் மூச்சு வெப்பமும் தரை வழியே ஏறிவரும் என்பது கணக்கு. அவ்வறைக்குச் சாளரம் ஒன்றே, அதுவும் சிறியது. கோடையில் புழங்கும் பெரிய கூடத்தைப் பூட்டிவிட்டு, குடும்பம் முழுவதும் ஐந்தாறு மாதம் இந்த ஓர் அறைக்குள் வாழும். நடுவில் இரும்புத் தகட்டால் செய்த பெட்டி அடுப்பு; அதற்குத் தந்தூர் என்று பெயர். நாம் ரொட்டி சுடும் தந்தூருக்கும் இதற்கும் உறவில்லை. ஒரு வாயில் விறகிட்டால், மேலே இரண்டு கண்ணில் சமையல் ஆகும், அறை சூடேறும், புகை குழாய் வழியே கூரைக்கு மேல் போய்விடும்.

நான் சென்ற மறுநாள் காலை கூரை வேலை. தட்டையான மண்கூரை. உத்தரங்களின்மேல் வில்லோக் கழிகளை நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் பூர்ஜ மரப்பட்டையை விரித்து, பிறகு சுள்ளி, அதன்மேல் களிமண். நம் முன்னோர் ஓலையாகப் பயன்படுத்திய பனைக்கு வடக்கே ஈடாக இருந்த பூர்ஜ பத்திரம் இதுவே. எழுதவும் உதவிற்று, கூரையில் நீர் இறங்காமல் தடுக்கவும் உதவிற்று. கோடையில் மண்ணில் கண்ட வெடிப்புகளைப் புதுக் களிமண் குழைத்து மூடி, மரக்கட்டையால் தட்டி இறுக்கவேண்டும். பனி பெய்தபின் அதைத் தள்ளுவதற்கான மரத் துடுப்புகளை எடுத்து, காம்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரே இரவில் இடுப்பளவு பனி விழக்கூடிய நாடு. விடிவதற்குள் தள்ளாவிட்டால் அப்பாரத்தில் உத்தரம் முறியும். அண்மைக் காலத்தில் சிலர் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். பனி தானே சறுக்கி விழுந்துவிடும் என்பது நன்மை. ஆனால் காய்கறி உலர்த்தவும் வைக்கோல் அடுக்கவும் வெயில் காயவும் இடமில்லாமற் போயிற்று என்று நண்பரின் தாயார் அதை ஒப்புக்கொள்வதில்லை.

அத்தாயாரைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நகராது. எழுபதைக் கடந்தவர். நான் ‘மாதாஜி’ என்பேன். அவர் என்னை ‘பேட்டா’ என்பார். அவருடைய சொந்த மொழி பட்டணி. என்னுடன் பேசியது என்னுடைய இந்தியைவிட நல்ல இந்தி. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கைம்பெண்ணான நாத்தனாருடன் இவ்வீட்டில் இருக்கிறார். இளைய மகன் குல்லுவில் தோட்டமும் வீடும் வைத்திருக்கிறார். லாஹௌல் மக்களில் பலருக்குக் குல்லுப் பக்கத்தில் இரண்டாவது வீடு உண்டு. தசராவுக்குப் பின் அங்கே இறங்கிப் பங்குனியில் திரும்புவர். பிள்ளைகள் இருவரும் கூடிப் பேசி, இவ்வாண்டு தாயாரையும் அத்தையையும் கீழே அழைத்துச் செல்வது என்று முடிவு செய்திருந்தார்கள். என்னை அழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது போய்ச் சேர்ந்தபின் தெரிந்தது. விருந்தினர் முன்னிலையில் தாயார் கடிந்து பேசமாட்டார் என்று எண்ணினார்களாம்.

மாதாஜியோ பேச்சுக்கே இடம் கொடாமல் வேலையில் இருந்தார். தோட்டத்தின் ஓரத்தில் ஆள் மார்பளவு ஆழத்தில் ஒரு குழி. அதன் அடியிலும் பக்கங்களிலும் காய்ந்த புல்லை மெத்தையாக இட்டு, உருளைக்கிழங்கு, முள்ளங்கி, கேரட், டர்னிப் ஆகியவற்றைத் தனித்தனியே அடுக்கி, மேலே பலகையும் புல்லும் மண்ணும் போட்டு மூடுகிறார்கள். வெளியே எல்லாம் உறைந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உறைவதில்லை. காயம்பட்ட கிழங்கு ஒன்று உள்ளே போனால் குழியே அழுகும் என்பதால், ஒவ்வொன்றையும் கையில் உருட்டிப் பார்த்தே இறக்கினார்கள். நான் உருட்டிப் பார்த்து ‘நன்று’ என்று கொடுத்தவற்றை மாதாஜி மறுபடியும் உருட்டிப் பார்த்தார்.

கூரையின் தென்புறத்தில் துணி விரித்து முள்ளங்கிக் கீரை, முட்டைக்கோஸ், காலிபிளவர், மலையில் பறித்த காட்டுக் கீரைகள் யாவும் உலர்ந்துகொண்டிருந்தன. நம் வீடுகளில் சித்திரை வெயிலில் வற்றல் போடுவது போலத்தான். ஆனால் உப்பில்லை, மோரில்லை. கீரையைப் பெரும்பாலும் நிழலில் காற்றாட விடுகிறார்கள். அக்காற்றின் வறட்சியில் நான்கே நாளில் கீரை கையில் நொறுங்குகிறது, நிறமும் மாறுவதில்லை. மோர்மிளகாய் செய்யும் முறையை நான் விவரித்தேன். தயிரில் ஊறவைப்பதா என்று நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். இவற்றோடு வறுத்து அரைத்த வாற்கோதுமைச் சத்துமா, உலர்ந்த பாலாடைக் கட்டி, வெண்ணெய், உப்பு, தேயிலை. அசைவம் உண்போர் கார்த்திகையில் ஆடு அறுத்து, இறைச்சியைக் குளிர்க்காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவர்.

முன்பெல்லாம் ரேஷன் கடையிலும் கணவாய் மூடுமுன்பே பனிக்காலம் முழுமைக்குமான அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, மண்ணெண்ணெய் ஆகியவற்றை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்களாம். இப்பொழுது சுரங்கம் வந்தபின் கேலாங் கடைத்தெருவில் தை மாதத்திலும் தக்காளி கிடைக்கிறது. ‘அப்படியிருக்க இத்தனை பாடு ஏன், மாதாஜி?’ என்று கேட்டேன். ‘கடைக்குத் தக்காளி வரும், கடையிலிருந்து இந்த மேட்டுக்கு யார் கொண்டுவருவார்?’ என்றார். பனி மூடிய பாதையில் அந்த மேட்டை ஏறிப் பார்க்காத எனக்கு மறுமொழி இல்லை.

உணவைவிடப் பெரிய கவலை தீவனமும் விறகும். விறகுக்கு இங்கே காடு இல்லை. வயல் வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நட்டு வளர்த்த வில்லோவின் கிளைகளைக் கழித்து, இலையை மாட்டுக்கும் கட்டையை அடுப்புக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அடிமரத்தை வெட்டுவதில்லை, மூன்று நான்கு ஆண்டில் மறுபடியும் தழைக்கும். கட்டைகள் கூரையின் விளிம்பைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் போல அடுக்கப்பட்டிருந்தன. வறட்டி வேறு. வீட்டுக்குள்ளேயே உள்ள உலர் கழிப்பறைக்காக மண்ணையும் சாம்பலையும் சருகையும் மூட்டை கட்டி வைக்கிறார்கள். குழாய் நீர் உறைந்துவிடும் நாட்டில் வேறு கழிப்பறை ஆகாது. அதில் சேரும் எரு வசந்தத்தில் வயலுக்குப் போகிறது. ஒரு மூலையில் இன்னொரு மண்குவியல் கண்டு அது எதற்கு என்றேன். பங்குனியில் வயல்மேல் கிடக்கும் பனியின்மேல் தூவுவதற்காம். கருமண் வெயிலை வாங்கிக்கொள்வதால் பனி விரைவில் உருகும். உழவுக்குச் சில நாட்கள் மிச்சமாகும். ஐந்து மாதமே பயிர்க்காலம் உள்ள இடத்தில் சில நாள் என்பது சிறிதன்று.

தீவனக் கணக்கில்தான் எனக்கு வேலை கிடைத்தது. நான் சரக்குக் கணக்கில் உழல்பவன். எண்ணாமல் இருக்க இயலாது. கோடை முழுவதும் மேய்ச்சல் மேட்டில் அறுத்து முதுகில் சுமந்து இறக்கிய புல், கட்டுக்கட்டாக மேல்தளத்தில் அடுக்கப்பட்டிருந்தது. ஒரு பசுவுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு கட்டு. பசுக்கள் இரண்டு. ஆறு மாதத்துக்கு 360 கட்டுகள் வேண்டும். நான் இருமுறை எண்ணினேன், 290தான் இருந்தது. அன்றிரவு அடுப்பைச் சுற்றி அனைவரும் அமர்ந்திருக்கையில், குல்லுவிலிருந்து வந்திருந்த இளைய மகன் பேச்சைத் தொடங்கினார். தாயாரின் முழங்கால் வலி, இரத்த அழுத்த மாத்திரை, போன ஆண்டு அத்தை வழுக்கி விழுந்தது, எல்லாம் சொன்னார். நண்பர் என்னைப் பார்த்தார். நானும் என் பங்குக்கு, ‘மாதாஜி, புல்லும் போதாது போலிருக்கிறதே’ என்றேன்.

மாதாஜி அடுப்பில் கட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: ‘சாலை இல்லாதபோது என்னை இங்கே விட்டுப் போனீர்கள், பயமில்லை என்றீர்கள். இப்பொழுது சாலை வந்திருக்கிறது. இங்கே இருந்தால் பயம் என்கிறீர்கள்.’ பிறகு என் பக்கம் திரும்பி, ‘பேட்டா, சரியாக எண்ணினாய். 180 கட்டு என் பசுவுக்கு. 110 கட்டு மற்றதற்கு. அது நாளை மேல்வீட்டுக்குப் போகிறது. மீதிப் புல் அவர்கள் பொறுப்பு. பால் பாதிப் பாதி.’

ஆடி மாதத்தில் புல் அறுக்கும்போதே அவர் முடிவு செய்துவிட்டார் என்பதும், மேல்வீட்டுக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார் என்பதும் அப்பொழுதுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. இரண்டு பசுவைப் பேணும் வலிமை தமக்கு இல்லை என்று அவரே கணக்கிட்டிருந்தார். ஒரு பசுவைப் பேணும் வலிமை இருக்கிறது என்றும் கணக்கிட்டிருந்தார்.

பிள்ளைகளின் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். ஊரில் தனித்திருக்கும் தாய்தந்தையரை நினைத்து இரவில் தொலைபேசி மணி அடித்தால் திடுக்கிடும் நம்மவர் யாருமே குறை சொல்லமாட்டார்கள். ஆனால் மறுநாள் மாதாஜி என்னை ஊருக்குள் அழைத்துச் சென்று காட்டிய ஒன்று என் மனத்தை அவர் பக்கமே சாய்த்தது. 22 வீடுகளில் இப்பனிக்காலத்தில் புகை எழப்போவது ஒன்பதில் மட்டுமே. பூட்டிய வீடுகளின் சாவிகளில் நான்கு அவருடைய இடுப்பில் தொங்கின. பனி விழுந்த காலை, தம் கூரையைத் தள்ளியபின் அந்நான்கு கூரைகளையும் யாரேனும் தள்ளவேண்டும். அவருக்கு அந்த வலிமை ஏது? மேல்வீட்டுக்காரரின் இரு பையன்கள் தள்ளுவார்கள். அவர்களுக்குச் சூடாகத் துக்பாவும் தேநீரும் கொடுத்து, எந்தக் கூரையில் எந்த உத்தரம் பழுது என்று சொல்லி ஏற்றிவிடுவது இவர். ஒன்பது வீடு எட்டானால், அந்த எட்டு வீட்டாரின் தோளில் பதினான்கு கூரைகளின் பாரம் விழும். பனிக்காலத்துக்குச் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் புல்லும் விறகும் கிழங்கும் இருப்பது போல, எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது என்பதும் ஓர் இனமாக இருக்கிறது. அதைக் குல்லுவிலிருந்து விலைக்கு வாங்கி வரமுடியாது.

முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆறு மாதத்துக்கு வேண்டிய மாத்திரைகளை நண்பர் மணாலி சென்று வாங்கிவந்து, நாள் பார்த்து உறையிலிட்டுச் சுவரில் தொங்கவிட்டார். சாலை திறந்திருக்கும்போதெல்லாம் இளையவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பார்ப்பது. முழங்கால் மிகவும் தொல்லை கொடுத்தால் தாயார் பிடிவாதமின்றிச் சுரங்கம் வழியே இறங்கிவிடுவது. கடைசி நிபந்தனைக்கு மாதாஜி ‘பார்க்கலாம்’ என்றார். தாய்மார் சொல்லும் ‘பார்க்கலாம்’ எல்லா மொழியிலும் ஒன்றுதான் போலும்.

இரண்டாவது பசு மேல்வீட்டுக்குப் புறப்பட்டபோது நாத்தனார் அதன் நெற்றியில் வெண்ணெய் தடவினார். 110 கட்டுப் புல்லையும் நாங்கள் நால்வரும் இரண்டு நாளில் சுமந்தோம். அந்த உயரத்தில் புல்லுக்கட்டும் இரும்பாய்க் கனக்கிறது என்பதை என் முதுகு இன்றும் சாட்சி சொல்லும்.

பனிக்காலத்தில் பெண்டிர் சும்மா இருப்பதில்லை. கம்பளி நூற்று, பல வண்ணக் கோலங்கள் இட்டுக் காலுறையும் கையுறையும் பின்னுகிறார்கள். லாஹௌல் கையுறையும் காலுறையும் புவிசார் குறியீடு பெற்றவை. தை மாதத்தை ஒட்டி ஹால்டா என்னும் பந்தத் திருவிழா வரும். இரவில் கிளைகளைக் கட்டிய பந்தங்களை ஏந்தி ஊர் முழுவதும் ஓரிடத்தில் கூடி எறிவார்கள். பின்னர் ஃபாக்லி, அவர்களுடைய புத்தாண்டு. விருந்துக்கும் விருந்தினருக்கும் அதுவே காலம். வயல் வேலை இல்லாததால் வீடு வீடாகப் போய் உட்காருகிறார்கள்.

மாசியில் பனி கடுமையாக இருந்தது; பல நாள் சாலை மூடியிருந்தது. தொலைபேசி கிடைத்த ஒரு மாலையில் நண்பர் அலுவலகத்திலேயே எழுந்து நின்று பேசினார். மாதாஜி நலம். ஐந்து கூரைகளும் நலம். கிழங்குக் குழியை ஒருமுறை திறந்தார்களாம், ஒன்றும் அழுகவில்லை. புல் மட்டும் சற்று வேகமாகக் கரைகிறதாம்.

செல்ல விரும்பும் அன்பர்கள் புரட்டாசி இறுதியில் செல்வது நலம்; வானம் தெளிவாக இருக்கும், பனியும் தொடங்கியிராது. முதல் நாள் ஓட்டமும் ஏற்றமும் வேண்டாம். உயரம் பழக ஒரு நாள் படுத்திருந்தாலும் தவறில்லை. கேலாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள கர்தாங் பௌத்த மடத்தையும், இந்துக்கள் சிவனாகவும் பௌத்தர் அவலோகிதேசுவரராகவும் ஒரே திருவுருவை வழிபடும் திரிலோகநாதர் கோயிலையும் அவசியம் காணவேண்டும். வழியில் எவரைக் கண்டாலும் ‘ஜூலே’ என்றால் போதும். தேநீர் வரும், அதில் உப்பும் வெண்ணெயும் இருக்கும். நண்பர் வைகாசியில் ஊர் போகும்போது எடுத்துச் செல்ல, நாத்தனார் கேட்டனுப்பியபடி என் மனைவி இரண்டு கிலோ மோர்மிளகாய் போட்டாள். அம்பாலா வெயிலில் அது காய ஒரு வாரம் பிடித்தது.